தடித்த சதுர எழுத்துரு: முதலில் ‘ண’வை வரையுங்கள்

கொழும்பு காலி வீதியில் பஸ்ஸில் போகிறவரும் வாசிக்கவேண்டிய கடைப் பலகைக்கு, மூலை மழுங்கிய சதுர வடிவிலான தடித்த எழுத்து நன்றாகப் பொருந்தும். இத்தாலிய வடிவமைப்பாளர் அல்டோ நோவரேசே 1962இல் வடிவமைத்த யூரோஸ்டைல் என்ற ஆங்கில எழுத்துரு இந்த வகைக்கு நல்ல பாடம். அதன் ஆங்கில ‘ஓ’ வட்டமுமல்ல, சதுரமுமல்ல. ஆனால் ஆங்கில எழுத்தின் தடிமனை அப்படியே தமிழுக்கு எடுத்தால் சுழிகள் அடைத்துப்போகும்.

1. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபொன்ட்ஃபோர்ஜில் 1000 அலகுச் சட்டம் திறந்து, எழுத்தின் உயரத்தை 600 என வையுங்கள்.

2. பலரும் இலகுவென்று ‘ப’வில் தொடங்குவார்கள். வேண்டாம். நெருக்கமான ‘ண’தான் தடிமனைத் தீர்மானிக்கவேண்டும். உங்கள் வரைவில் ஐந்து நிமிர்ந்த கோடுகள் வந்தால், கோடு 100, இடைவெளி 80 எனக் கொள்ளுங்கள்: 500 + 320 = 820 அகலம். இடைவெளி கோட்டின் முக்கால் பங்குக்குக் கீழே போனால் தூரத்தில் கறுப்புக் கட்டிதான் தெரியும். பிறகு ‘ப’, ‘ட’ போன்ற திறந்த எழுத்துகளுக்குக் கோட்டை 110 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் மெலிந்து தெரியும். கிடைக்கோடுகளுக்கு 90 போதும்.

3. வெளிமூலை ஆரம் 140. உள்மூலைக்கும் அதையே போட்டால் மூலையில் சதை வைக்கும். கோட்டின் தடிமனைக் கழித்து 30–50 வையுங்கள். வளைவை இழுத்து மாற்றும் கைப்பிடிக் கோட்டின் நீளம் ஆரத்தில் 55 வீதமாக இருந்தால் வட்டம் வரும். 70 வீதமாக்கினால்தான் சதுரச் சாயல் கிடைக்கும்.

4. குழம்பும் இணைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ர’வின் சாய்ந்த கால் தடிமனில் கரைந்தால் அது அரவாகிவிடும் (‘ா’), காலை அடிக்கோட்டுக்குக் கீழே 120 அலகாவது இறக்குங்கள். ‘ழ’வும் ‘மு’வும், ‘எ’வும் ‘ஏ’யும் அப்படித்தான். புள்ளியை 120 அகலச் சிறு சதுரமாக்கி, எழுத்திலிருந்து 60 அலகு விலக்குங்கள்.

5. கு, கூ வரிசைகளும் டி, டீயும் தனி வடிவங்கள். வரைந்தபின் ஓப்பன்டைப் இணைப்பு விதியும் (எழுத்தும் குறியும் சேரும்போது எந்தத் தனி வடிவம் வரவேண்டும் என்று எழுத்துருவுக்குச் சொல்வது) எழுதவேண்டும்.

6. ‘கொட்டாஞ்சேனை’, ‘பம்பலப்பிட்டி’, ‘வெள்ளவத்தை’ என்று தட்டச்சிட்டுச் சோதியுங்கள். கொம்பு பிழையான இடத்தில் நின்றால், பெரும்பாலும் எழுத்துருவில் பிழை இருக்காது. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழி அமைப்பு திறக்கப்படாமல் இருக்கும்.

இந்த எழுத்து கடைப் பெயருக்கு மட்டும். முகவரிக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் சாதாரண எழுத்தே நல்லது. மும்மொழிப் பலகையில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரே புள்ளி அளவைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். சதுர எழுத்து பெரிதாகத் தெரியும், கண்ணால் பார்த்துச் சமப்படுத்துங்கள்.

புறக்கோட்டையில் ஸ்டிக்கர் வெட்டக் கொடுப்பதானால், ஃபொன்ட்ஃபோர்ஜில் முதலில் ‘ரிமூவ் ஓவர்லாப்’ (மேற்படிந்த கோடுகளை ஒன்றாக்குவது), பிறகு ‘கரெக்ட் டைரக்‌ஷன்’ (கோடுகளின் திசையைச் சரிசெய்வது) கொடுத்து எழுத்துருவை உருவாக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை இயந்திரம் தனித்தனியாக வெட்டும். ஒட்டும்போது எழுத்து துண்டுதுண்டாக வரும். பெயரை வெளிக்கோடாக மாற்றிய பிடிஎஃப்பைக் கொடுங்கள், மாற்றாத பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.