‘போல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளறிய ஒரு வழி

‘போல்ட்’ என்றதும் நட்டு முடுக்கும் திருகாணியை மட்டும் நினைப்பவர்கள், பழைய ஆங்கிலத்தில் அச்சொல் கனத்த முனையுடைய குட்டை அம்பைக் குறித்தது என்பதை மனத்தில் கொண்டால், அதன் பல பொருள்களும் எளிதில் விளங்கும். மிரண்ட குதிரை கட்டறுத்துக்கொண்டு பாய்ந்தோடுவதும், உணவை மெல்லாமல் அவசரமாக விழுங்குவதும், வானிலிருந்து இறங்கும் இடியும், விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதும் அந்த அம்பின் வேகத்தையோ நேர்த்தன்மையையோ ஒட்டிப் பிறந்தவை. கதவின் தாழ்ப்பாள் அதன் வடிவத்தால் இப்பெயர் பெற்றது. கொத்தமல்லிச் செடி வெயில் ஏறியதும் தழைப்பதை விட்டுத் திடீரெனப் பூந்தண்டை நீட்டுவதையும் தோட்டக்கலையினர் இச்சொல்லாலேயே குறிப்பதால், ஆங்கில விதைப் பொட்டலங்களைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாவு சலிப்பதைக் குறிக்கும் ‘போல்ட்’ மட்டும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். எழுத்து ஒன்றே தவிர உறவு எதுவும் இல்லை.