படம் பார்க்கும்போது ஸ்பீக்கர் கரகரக்கிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

படத்தில் இருவர் மெல்லப் பேசிக்கொள்ளும் இடத்தில் 'கரகர' என்று சத்தம் கேட்டால் கதையில் மனம் நிற்காது. பலர் உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்தாலும், கோளாறு படக் கோப்பிலோ, ஒயரிலோ, டிவி செட்டிங்ஸிலோ, கணினியிலோ இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன் ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அதே காட்சியைப் போட்டுக் கேளுங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

படி 1: எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கரகரத்த இடத்திலிருந்து ஒரு நிமிடம் பின்னால் போய் மறுபடி ஓட்டுங்கள். அதே வசனத்தில், அதே நொடியில் மறுபடியும் வந்தால் படக் கோப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வேறு படம் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக ஓடினால் உங்கள் கருவிகளில் குறையில்லை.

வெடிச்சத்தம், உரத்த இசை போன்ற இடங்களில் மட்டும் வந்தால் ஒலி அளவு மிஞ்சிப்போகிறது. படி 2 உங்களுக்குத்தான். நினைத்த நேரத்தில் வந்து வந்து போனால் ஒயர், ப்ளூடூத், கணினி மூன்றில் ஒன்று.

ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் வருகிறதா? கருவியை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். மறுபடி போட்டதும் பழைய ஸ்பீக்கரே கரகரத்தால் குறை அந்த ஸ்பீக்கரிலோ அதற்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது. கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டால் ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முன்னாலோ தேட வேண்டும். எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது இல்லை.

படி 2: ஒலி அளவைக் குறைத்துப் பாருங்கள்

ஒரு கருவி தாங்கும் அளவைத் தாண்டி ஒலியைக் கூட்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டுதான் நம் காதில் கரகரப்பாக விழுகிறது. வி.எல்.சி. போன்ற பிளேயர்களில் ஒலியை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்ற முடியும். வசனம் கேட்கவில்லை என்று ஏற்றிவிட்டு, சண்டைக் காட்சி வரும்போது அவதிப்படுவது இதனால்தான். பிளேயரில் 100-ஐத் தாண்டாதீர்கள். வேண்டிய சத்தத்தை ஆம்ப்ளிஃபையரிலோ சவுண்ட்பாரிலோ கூட்டிக்கொள்ளுங்கள். ஈக்வலைசரில் பாஸை ஏற்றி வைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வசனம் மட்டும் சன்னமாக இருந்தால் டிவியில் 'நைட் மோட்' அல்லது வசனத்தைத் தூக்கிக்காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. வெட்டுப்பட்ட ஒலியை நீண்ட நேரம் ஓட்டினால் ட்வீட்டரின் (கீச்சொலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருள் கருகிவிடலாம்.

படி 3: ஒயர்களும் பின்களும்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பீக்கர் ஒயரின் மெல்லிய செம்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையருக்கே கேடு. முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஹெட்போன் பின் போன்ற சிறிய பின் என்றால், குறைந்த ஒலியில் பாட்டை ஓடவிட்டு அதை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போதெல்லாம் கரகரத்தால் கேபிளோ, அது செருகும் துளையோ தளர்ந்திருக்கிறது.

வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் சத்தம் வந்தால் உள்ளே தூசி. அதற்கென்றே எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கிறது.

படி 4: டிவியின் ஒலி செட்டிங்ஸ்

டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி போகிறது என்றால், 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்ற இடத்தில் 'பி.சி.எம்.' (சுருக்காமல் அனுப்பும் டிஜிட்டல் ஒலி) என்று மாற்றிப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால், டால்பி போன்ற வடிவத்தில் வரும் ஒலியை இரண்டு கருவிகளும் பரிமாறிக்கொள்வதில்தான் சிக்கல். இரண்டிலும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் பழைய நிலைக்கு மாற்றிப் பாருங்கள். ஆப்டிகல் கேபிளில் பி.சி.எம். இரண்டு சேனல்தான் தரும், அதனால் சரவுண்ட் (சுற்றிலும் கேட்கும் ஒலி) வேண்டுபவர்கள் அதிலேயே நின்றுவிட வேண்டாம்.

படி 5: கணினியில் பார்ப்பவர்களுக்கு

படங்களின் ஒலி பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸில் இருக்கும். விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போய், உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, அதே 48,000-ஐ வையுங்கள். அங்கேயே இருக்கும் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வசதியை அணையுங்கள். அப்புறம் ஆடியோ டிரைவரை (ஒலியை இயக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். எச்.டி.எம்.ஐ. வழியாக ஒலி போனால் கிராஃபிக்ஸ் டிரைவரையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், பலர் விட்டுவிடும் இடம் இது. யூ.எஸ்.பி. ஸ்பீக்கரை ஹப்பில் மாட்டாமல் கணினியிலேயே நேராக மாட்டுங்கள்.

படி 6: ப்ளூடூத்

ப்ளூடூத்தும் பல வைஃபை இணைப்புகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ரூட்டரை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஒயர் மாட்டிப் பார்த்து சத்தம் சுத்தமாக வந்தால் சந்தேகமே இல்லை, கோளாறு ப்ளூடூத்தில்தான்.

படி 7: கடைசியாக ஸ்பீக்கர்

கருவியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் கோனை (முன்னால் அதிரும் கூம்பு) நாலு விரல் நுனியால் சீராக, மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் இடம் விலகியிருக்கிறது. கோனின் ஓரத்து வளையம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளையம் மட்டும் போயிருந்தால் அதை மாற்றித் தருவார்கள், ஸ்பீக்கர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆம்ப்ளிஃபையரில்தான் குறை என்று தெரிந்தால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். படி 1-ல் கவனித்ததையெல்லாம் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், குறையைத் தேடும் நேரம் அவருக்கு மிச்சமாகும்.