சமைத்த கொழுப்பு மீனில் சத்து எவ்வளவு? எடை போடுவது முதல் எடுத்து வைப்பது வரை

மீனின் சத்து அட்டவணையைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அந்த எண்கள் பச்சை மீனுக்கா, சமைத்த மீனுக்கா என்பதைத்தான். இதைக் கவனிக்காமல் போடும் கணக்கு கால் பங்குக்கு மேல் தவறும். மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன், நெத்திலி, ஹெர்ரிங் போன்ற கொழுப்பு மீன்களை விரும்பிச் சாப்பிடுபவர்கள்கூட இந்த இடத்தில்தான் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

வேகும்போது மீன் பெரும்பாலும் இழப்பது தண்ணீரை. 100 கிராம் பச்சைச் சதை வெந்த பிறகு சுமார் 75 முதல் 80 கிராம் நிற்கும். ஓர் உதாரணம்: 100 கிராம் பச்சைச் சதையில் 20 கிராம் புரதமும் 10 கிராம் கொழுப்பும் இருந்தால் 170 கலோரி. வெந்து 78 கிராம் ஆகும்போது, எதுவும் வழிந்து போகவில்லை என்றால், அந்தத் துண்டில் அதே 170 கலோரிதான் இருக்கும். ஆனால் சமைத்த மீன் 100 கிராமுக்குக் கணக்கிட்டால் புரதம் கிட்டத்தட்ட 26 கிராம், கொழுப்பு 13 கிராம், கலோரி 218. மீன் சத்து கூடிவிடவில்லை, செறிந்திருக்கிறது, அவ்வளவுதான். பச்சையாக எடை போட்டால் பச்சை மீன் அட்டவணை, வெந்தபின் எடை போட்டால் சமைத்த மீன் அட்டவணை. இரண்டையும் கலக்கவே கூடாது.

முழு மீன் என்றால் தலை, குடல், முள் எல்லாம் போகச் சாப்பிடக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். இதற்கு எளிய வழி உண்டு. பரிமாறிய மீனைத் தட்டோடு எடை போடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிஞ்சிய முள், தலை, தோலோடு மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் சாப்பிட்டது. குழம்பில் கிடந்த மீன் என்றால் வடித்துவிட்டு எடை போட வேண்டும்.

இனி எண்கள். அடுப்பில் வாட்டிய அட்லாண்டிக் கானாங்கெளுத்தி 100 கிராமில் சுமார் 260 கலோரி, 24 கிராம் புரதம், 18 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 அமிலங்களும் சேர்ந்து 1.2 கிராம் வரும். வைட்டமின் பி12 சுமார் 19 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். வளர்ப்பு சால்மனைச் சமைத்தால் 206 கலோரி, 22 கிராம் புரதம், 12 கிராம் கொழுப்பு. ஒமேகா-3 இரண்டு கிராமை ஒட்டி. எண்ணெயில் அடைத்து வடித்த டின் மத்தியில் ஒமேகா-3 ஒரு கிராம்தான், ஆனால் கால்சியம் 380 மில்லிகிராம். டின்னில் அழுத்தத்தோடு வேகும்போது முள் மெத்தென்று ஆகிவிடுவதால், அதையும் சேர்த்துச் சாப்பிட முடிகிறது. முள்ளை எடுத்துப் போட்டால் அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதியும் போய்விடும்.

இவை எல்லாம் சராசரிகள். ஒரே வகை மீனிலும் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறும். நன்றாக இரை எடுத்துக் கொழுத்த மீனும், முட்டையிட்டு இளைத்த மீனும் ஒன்றல்ல.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஈபிஏவும் டிஹெச்ஏவும் சேர்த்து நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். வாரத்துக்கு 1.75 கிராம். சமைத்த கானாங்கெளுத்தி 140 கிராம் சாப்பிட்டாலே 1.7 கிராம் கிடைத்துவிடும். தினமும் சாப்பிட்டாக வேண்டும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

எப்படிச் சமைத்தால் சத்து தங்கும்

கொழுப்பு மீனின் ஒமேகா-3, வைட்டமின் டி இரண்டும் கொழுப்பில்தான் இருக்கின்றன. தோலுக்கு நேர் கீழே உள்ள படலத்திலும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையிலும் கொழுப்பு அதிகம். வாசனை பிடிக்காமல் அந்தக் கருஞ்சதையைச் சீவி எறிபவர்கள் இரும்புச் சத்தையும் பி12ஐயும் சேர்த்தே எறிகிறார்கள். சமைக்கும்போது தோலை விட்டுவையுங்கள். வேண்டாம் என்றால் வெந்த பிறகு உரிக்கலாம்.

ஆவியில் வேகவைப்பதும், தாளில் பொதிந்து ஓவனில் வைப்பதும் கொழுப்பைப் பெரும்பாலும் காப்பாற்றும். குழம்பில் வேகவைத்தால் பி வைட்டமின்களில் ஒரு பங்கும் பொட்டாசியமும் சாற்றில் இறங்கும்; சாற்றையும் சாப்பிட்டால் நஷ்டமில்லை. நேரடித் தணலில் வாட்டினால் கொழுப்பு சொட்டிப் போகும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, தீயைக் குறைத்து வாட்டினால் இழப்பு குறையும்.

எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதுதான் சிக்கல். மீனின் கொழுப்பு எண்ணெய்க்குள் போகிறது, எண்ணெய் மீனுக்குள் வருகிறது. கொழுப்பின் மொத்த அளவு பெரிதாக மாறாததுபோல் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால் ஒமேகா-6 என்ற வேறு வகைக் கொழுப்பு அமிலம் ஏறி ஒமேகா-3இன் பங்கு இறங்கும். வைட்டமின் டியும் கணிசமாகக் குறையும். பொரித்தே ஆக வேண்டும் என்றால் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். கல் நன்றாகக் காய்ந்தபின் தோல் பக்கம் முதலில் படும்படி வையுங்கள். தோல் மொறுமொறுப்பாகித் தானாக விடும்வரை கரண்டியால் நெம்ப வேண்டாம். அவசரப்பட்டால் தோல் கல்லோடு ஒட்டிக் கிழிந்து, அடியிலிருக்கும் கொழுப்பும் வழிந்துவிடும்.

வெந்ததற்கு அளவு, துண்டின் மிகத் தடித்த இடத்தில் 63 டிகிரி செல்சியஸ். 2.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டுக்கு 200 டிகிரி ஓவனில் 10 முதல் 12 நிமிடம் ஆகும். வெப்பமானி இல்லாவிட்டால் முள்கரண்டியால் லேசாகத் திருகிப் பாருங்கள்: சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடிபோல் தெரியக் கூடாது. சால்மன் துண்டின் மேல் வெள்ளையாகத் திரண்டு கசிவது கொழுப்பல்ல, புரதம். கொஞ்சம் வருவது இயல்பு. நிறைய வந்தால் சூடு அதிகம் என்று பொருள். சதை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. புரதமும் பி12உம் அதனால் பெரிதாகக் கெடாது, ஆனால் வறண்ட மீனை யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லை.

சமைத்தாலும் போகாதவை

பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பது. வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. சுறா, வாள்மீன் போன்ற பெரிய இரைகொல்லிகளில் அதிகம். மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்களில் மிகக் குறைவு. கர்ப்பிணிகள் பெரிய வகைகளைத் தவிர்த்து, கொழுப்பு மீனை வாரம் இரண்டு முறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிரிட்டனின் பொதுச் சுகாதார அறிவுரை.

இன்னொன்று ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகியவை வெதுவெதுப்பில் கிடந்தால் பாக்டீரியாக்கள் சதையில் இதை உண்டாக்கும். ஒருமுறை உண்டான பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும், உறையவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நாக்கு காந்தும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து மீனையே விட்டுவிடுகிறார்கள். வாங்கியது முதல் அடுப்பில் ஏற்றும்வரை ஐஸிலோ, 4 டிகிரிக்குக் கீழோ இருக்க வேண்டும். மூக்கால் முகர்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

டின், உப்பு, மிச்சம்

எண்ணெயில் அடைத்த மீனில் ஒமேகா-3இன் ஒரு பகுதி அந்த எண்ணெயில் கலந்துவிடும்; வடித்துக் கொட்டினால் அதுவும் போகும். தண்ணீரில் அடைத்ததை வடித்தால் இழப்பு குறைவு. டின் சூரையைக் கொழுப்பு மீன் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் கொழுப்பு சொற்பம். கருவாட்டிலும் புகையூட்டிய மீனிலும் உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவைக் குறைக்க வேண்டும்.

சமைத்த மீனை ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்குள் முடியுங்கள். மறுபடி சூடாக்கும்போது எழும் சிக்கு வாடை, கொழுப்பு காற்றுபட்டுக் கெடுவதால் வருவது. சாறோடு மூடிவைத்து, சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து ஒரே முறை சூடாக்கினால் அது குறையும். ஃப்ரீசரிலும் இந்தக் கெடுதல் நிற்பதில்லை, மெதுவாக நடக்கும். அதனால் பச்சைக் கொழுப்பு மீனைக் காற்றுப் புகாமல் சுற்றி இரண்டு, மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வெட்டிய ஓரம் மஞ்சளாகியிருந்தால் அந்தப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டுச் சமையுங்கள். உள்சதையிலும் சிக்கு வாடை அடித்தால் முழுத் துண்டையும் எறிந்துவிடுங்கள்.