ஸ்பேட் என்று காதில் விழுந்தால்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தோட்டம் உள்ள வீடோ, கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்ட நிலமான அலாட்மெண்டில் ஒரு துண்டோ கிடைத்துவிட்டால் முதலில் வாங்க வேண்டியது ஸ்பேட். அகராதியை நம்பி மண்வெட்டி என்று நினைத்துப் போகாதீர்கள். இதன் தகடு காம்பின் நேர்க்கோட்டிலேயே இருக்கும். நிமிர்ந்து நின்று, தகட்டின் மேல்விளிம்பைக் காலால் மிதித்து மண்ணில் இறக்க வேண்டும். அதனால் செருப்பு சரிப்படாது, கெட்டியான பூட்ஸ் வேண்டும். மணல் அள்ளவும் பனி தள்ளவும் ஷவல் தனி. இல்லை, நம் ஊர் மண்வெட்டிதான் கைக்கு வாகு என்பவர்கள் அஸாடா என்று கேட்டுப் பாருங்கள். இலங்கையில் பேர்போன முதலை மார்க் மண்வெட்டியே இங்குள்ள வுல்வர்ஹாம்ப்டனில் செய்து அனுப்பியதுதான்!

ஆபீஸில் ஸ்பேட்வொர்க் என்றால், ஒரு வேலை தொடங்குமுன் யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டிய சலிப்பான அடிப்படை வேலை. பெரும்பாலும் அது புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். இன் ஸ்பேட்ஸ் என்றால் ஏராளமாக. இது சீட்டுக்கட்டு இஸ்பேட். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் ஆட்டின் சீட்டையும் தாண்டி அதற்குத்தான் முதல் இடம். பெயர் ஒன்றானாலும் தோட்டத்து ஸ்பேடுக்கும் இதற்கும் நேரடி உறவில்லை. சீட்டின் பெயர் வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உள்ளதை உள்ளபடி பேசுவதை, ஸ்பேடை ஸ்பேட் என்றே சொல்வது என்பார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்ட தொடர் இது. கிரேக்க மூலத்தில் இருந்தது தொட்டி. எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் அதை லத்தீனில் எழுதியபோது அது தோண்டும் கருவியாகிவிட்டது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் 1920களில் அமெரிக்காவில், சீட்டின் கறுப்பு நிறத்தை வைத்து, கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்க ஸ்பேட் என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1950களின் லண்டனிலும் அது புழங்கியது. இன்றும் சிலர் அந்தத் தொடரைச் சாதாரணமாகச் சொல்வார்கள், சிலருக்கு அது சுருக்கென்று தைக்கும். மீட்டிங்கில் நின்று சொல்வரலாறு விளக்க முடியுமா? டு பி ஃபிராங்க் என்று தொடங்கிவிடுங்கள், போதும்.

அப்புறம், பூனை தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு: கால்நடை மருத்துவர் 'ஸ்பேட்?' என்று கேட்டால் தோட்ட வேலையைப் பற்றியல்ல. எழுத்து வேறு (spayed), ஒலி ஒன்று. பெண் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். ஆண் பூனை என்றால் நியூட்டர்ட் என்பார்.