வீட்டைப் பார்த்துவிட்டு டாக்டரைத் தேடாதீர்கள்

ஓய்வு பெற்றதும் மும்பையிலிருந்து மதுரைப் பக்கம் வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் செய்வது வீடு பார்ப்பது. சர்க்கரை, பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது ஒன்று கூடவே வருகிறது என்றால் அந்த வரிசையே தப்பு. எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்பது முதலில் முடிவாகட்டும். அதற்குப் பிறகு, அங்கே சீக்கிரம் போய்ச் சேரும் தூரத்தில் வீடு பாருங்கள்.

எங்கள் அத்தையும் மாமாவும் மும்பை செம்பூரில் 36 வருஷம் இருந்தவர்கள். உசிலம்பட்டியைத் தாண்டி இருக்கும் பூர்வீக வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். வேப்பமரம், திண்ணை, கிணறு எல்லாம் உண்டு. உசிலம்பட்டியிலிருந்தே மதுரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ராத்திரி 2 மணிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 108 வரும்தான். ஆனால் ஸ்கேன் எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

தூரத்தைவிட அவர்களை முதலில் மாட்டிவிட்டது வேறொன்று. மருத்துவ ஃபைலை லாரியில் ஏற்றிவிட்டார்கள். "மூணு நாள்ல வந்துரும்" என்ற லாரி ஒன்பதாம் நாள்தான் வந்தது. நாலாம் நாளே மாமாவுக்குக் கால் வீக்கம் முழங்கால் வரை ஏற, மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"இன்சுலின் போக, காலையில ஒரு வெள்ளை. ராத்திரி ரோஸ் கலர்ல ஒண்ணு."

"ரோஸ் இல்ல, ஆரஞ்சு" என்று அத்தை திருத்தினார்.

டாக்டருக்குத் தேவைப்பட்டது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, அதுவும் ஆறு மாதத்துக்கு முந்தையது. அது தெரிந்தால்தானே இப்போது ஏறியிருக்கிறதா, முன்பே அப்படித்தானா என்று சொல்ல முடியும்? அந்தத் தாளோ பித்தளைப் பாத்திரப் பெட்டிக்கு அடியில், ஹூப்ளி பக்கம் எங்கோ நின்றிருந்தது.

ஆகவே கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு வருஷத்து ரத்தப் பரிசோதனைகள், ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட் எல்லாம் கைப்பையில் வரட்டும். செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். மாத்திரையின் பிராண்ட் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். அங்கே எல்லாக் கடையிலும் கிடைத்த பிராண்ட் இங்கே இல்லாமல் போகலாம். இரண்டு மாத மாத்திரை கையில் இருந்தால் பதற்றமில்லை.

இன்சுலினும் லாரியில் ஏறக்கூடாது. விமானத்தில் வந்தால் செக்-இன் பெட்டியில் போடாமல் கையிலேயே வையுங்கள். ஐஸ்கட்டியை ஒட்டி வைத்தாலும் ஆபத்துதான், ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது.

அப்புறம் இன்னொரு தப்பு, பொங்கலுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது. மார்கழி, தையில் மதுரை யாரையும் மயக்கும்! மே மாதம் வந்து, வாடகை வீட்டில் ஒரு மாதமாவது இருந்து பாருங்கள். மும்பை வேர்வை வேறு, இங்கே 40 டிகிரியைத் தொடும் வெயில் வேறு. பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைப்பது) சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வெயிலில் உடம்பில் நீர் வற்றி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுகிற அபாயம் உண்டு. வெயிலுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கரண்ட் போகும் என்பதே மும்பைக்காரர்களுக்கு மறந்திருக்கும். இங்கே பராமரிப்புக்கென்று அறிவித்துவிட்டு, காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரைகூட நிறுத்துவார்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் இன்சுலினைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது என்றால், இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வருவதற்கு முன்பே கணக்குப் போட்டு, ஒரு சிலிண்டரும் ஏற்பாடு செய்யுங்கள்.

காப்பீட்டில் பலரும் கோட்டை விடுவது ஓய்வு பெறும் மாதத்தில். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு, முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். சொந்தமாகப் பாலிசி வைத்திருப்பவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதென்றால், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பித்துவிட வேண்டும். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் பாலிசியை வைத்துப் பணம் கட்டாமல் (கேஷ்லெஸ்) சிகிச்சை கிடைக்குமா என்பதையும் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவர்கள், இங்கே நாளும் நேரமும் உறுதியாகாமல் டிக்கெட்டே எடுக்கக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகளைக் கேட்பார்கள், புதிதாக எடுத்து வாருங்கள். இடம் கிடைத்ததும் இன்னொன்றையும் பேசிவிடுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டி நகராது. அரசு ராஜாஜி மருத்துவமனை இருப்பதும் அந்தப் பக்கம்தான். உங்கள் டயாலிசிஸ் நாள் அன்றைக்கு விழுந்தால், ஒரு நாள் முன்னதாகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.