சுயமரியாதை கல்யாணத்துக்கு தலைமை தாங்க கூப்பிட்டா என்னென்ன பாக்கணும்

யாராச்சும் வந்து எங்க வீட்டு கல்யாணத்த நீங்கதான் நடத்தி வைக்கணும்னு கேட்டா சந்தோஷமா ஒத்துக்கோங்க, ஆனா மேடையேறி அரை மணி நேரம் பேசுறதுதான் வேலைன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிறது அந்த ரெண்டு பேரும்தான், நீங்க கூட நிக்கிற ஆள். அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப 1967ல இந்து திருமண சட்டத்துல சேத்த 7ஏ பிரிவு இதத்தான் சொல்லுது, சொந்தக்காரங்களோ நண்பர்களோ வேற யாரோ முன்னாடி ரெண்டு பேருக்கும் புரியுற மொழியில ஒருத்தர ஒருத்தர் ஏத்துக்கிறோம்னு சொன்னா போதும், இல்ல மாலை மாத்தினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஐயரும் தேவையில்ல, அக்னியும் தேவையில்ல.

ஒரு விஷயம், இந்த பிரிவு ரெண்டு பேருமே இந்து சட்டத்துக்குள்ள வந்தாதான் செல்லும். வேற வேற மதம்னா 1954 சிறப்பு திருமண சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் குடுத்து பதிவு பண்ணணும், அதுக்கப்புறம் மேடை நிகழ்ச்சிய எப்படி வேணா வச்சுக்கலாம்.

தேதி குறிச்சதும் பொண்ணையும் பையனையும் தனித்தனியா பாத்து பேசுங்க, வீட்டாளுங்க பக்கத்துல இருக்கவே கூடாது. முழு சம்மதமான்னு நேரா கேளுங்க, கொஞ்சம் இழுத்தாங்கன்னா கல்யாணத்த தள்ளி வைக்க சொல்ற தைரியம் உங்களுக்கு இருக்கணும். பையனுக்கு 21, பொண்ணுக்கு 18 முடிஞ்சிருக்கான்னு சர்டிபிகேட்ட கண்ணால பாருங்க. தாலி வேணுமா வேணாமான்னும் அவங்க வாயாலேயே சொல்லட்டும், உங்க கொள்கைய அங்க திணிக்காதீங்க.

உறுதிமொழிய சின்ன சின்ன வரியா எழுதுங்க, நீங்க சொல்ல சொல்ல அவங்க திருப்பி சொல்ல வரணும். "இன்று முதல் உங்களை என் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்கிறேன், இன்பத்திலும் துன்பத்திலும் சம உரிமையோடு வாழ்வோம்" மாதிரி இருந்தா போதும். ரெண்டு பேருக்கும் ஒரே வாசகம்தான், பொண்ணுக்கு மட்டும் பணிவிடை அடக்கம்னு ஒரு வரி நுழைஞ்சா அடிச்சு தூக்கிடுங்க.

நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறது இதுதான். கணவர இழந்த அம்மாவோ அத்தையோ அக்காவோ கண்டிப்பா மண்டபத்துல ஒரு ஓரமா இருப்பாங்க, பழக்கம் அப்படி, யாரும் போக சொல்லலேன்னாலும் அவங்களே ஒதுங்கிடுவாங்க. முன்னாடி நாளே வீட்டுல பேசி வச்சு, மேடையில உறவுமுறை சொல்லி கூப்பிட்டு மாலைய அவங்க கையால எடுத்து குடுக்க வைங்க. நீங்க பேசுற எந்த பேச்சும் இதுக்கு ஈடாகாது.

நாதஸ்வரக்காரங்ககிட்ட சைகை பேசி வச்சுக்கோங்க, இல்லேன்னா உறுதிமொழி நடுவுலயே கெட்டிமேளம் ஆரம்பிச்சு ஒரு வார்த்தையும் கேக்காது. மைக்க பொண்ணு பையன் வாய்கிட்ட புடிக்க ஒரு ஆள் போடுங்க. வாழ்த்துரை நாலு பேருக்கு மேல வேணாம், அதுலயும் கட்சி பேச்சா போச்சுன்னா துண்டு சீட்டு அனுப்பி நிறுத்துங்க, ஜனம் பசியோட உக்காந்திருக்கு.

முடிஞ்சதும் பதிவு. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும், அழைப்பிதழ், வயசு முகவரி ஆதாரம், போட்டோ, சாட்சிங்க எல்லாம் வேணும். ஐயர் வச்சு நடந்த கல்யாணத்த விட இதுல பின்னாடி கேள்வி கேக்க ஆள் ஜாஸ்தி, அதனால விடாம பின்னாடியே நின்னு பண்ண வைங்க.

கல்யாணம் நடத்தினவங்களத்தான் பிறகு அந்த வீட்டுல யாராச்சும் இறந்துட்டா நினைவா வைக்கிற படத்திறப்புக்கும் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு போய் இறந்தவரோட பேரு, செஞ்ச வேலை, பேரப்புள்ளைங்க பேரு எல்லாம் எழுதி வாங்கிக்கோங்க, எழுதினத திருப்பி படிச்சு காட்டி சரி பாத்துடுங்க, யார் படத்த திறக்கணும்னு மனைவிகிட்ட கேட்டு அவங்க சொல்றபடி செய்ங்க.