லைன்ல ஆக்களும் ரோபோவும் ஒண்டா நிக்க ஏஐயை எப்பிடி வேலைக்கு விடுறது

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கார்மென்ட்ஸ்ல லைன் பாக்கிற ஆக்களுக்குத்தான் முக்கியமா இது, மில்லு, பக்கிங் எண்டு சின்னதா ஏதும் நடத்துறவையும் வாசிக்கலாம். ஏஐ எண்டதும் ரோபோ வந்து சேட்டுத் தைக்கப்போகுது எண்டு கனபேர் பயப்பிடினம், அது இப்போதைக்கு லேசில நடக்கிற அலுவல் இல்லை, துணி வளையும் சுருங்கும் இழுபடும், இரும்புக் கைக்கு அதை மட்டம் பிடிக்கிறது இண்டைக்கும் பெரிய பாடு. அடிடாஸ்காரர் ஜேர்மனியில அன்ஸ்பாக்கிலயும் அமெரிக்காவில அட்லாண்டாவிலயும் ரோபோவை நம்பிச் சப்பாத்து பக்டரி போட்டவை, 2019இல ரெண்டையும் மூடப்போறம் எண்டு அறிவிச்சிட்டினம்.

எங்கட பக்கம் வரக்கூடியது வேற. துணி வெட்டுற ஓட்டோ கட்டர், வெட்டின துணிக்கட்டை, அதுதான் பண்டிலை, காவுற ரோபோ வண்டி, கடைசியில பெட்டி அடுக்குற ரோபோக் கை, இவ்வளவுதான், தைக்கிறது எங்கட பிள்ளையள்தான். இந்த ரெண்டு பகுதிக்கும் நடுவில நிண்டு இப்ப ஆர் எந்த மெசினுக்குப் போறது, வண்டி முதல்ல எங்க போறது எண்டு நிமிசத்துக்கு நிமிசம் சொல்லுறதுதான் ஏஐயின்ர வேலை. உண்மையைச் சொன்னா கமராவால பாத்து முடிவெடுக்கிற மெசின் எங்களுக்குப் புதுசும் இல்லை, அரிசி மில்லில கறுத்த அரிசியைக் காத்தடிச்சுத் தள்ளுற கலர் சோட்டரும் அந்த வகைதான்.

முதல்ல கணக்கைச் சரியா வையுங்கோ. ஒரு நாளைக்கு 480 நிமிச வேலை, 600 துண்டு வேணும் எண்டா 48 செக்கனுக்கு ஒரு துண்டு லைனை விட்டு வெளிய வரோணும். கொலர் பூட்டுற இடத்தில ஒராளுக்கு 60 செக்கன் எடுக்குதெண்டா மற்ற ஆக்கள் எல்லாரும் பறந்து பறந்து தைச்சாலும் பின்னேரம் 480 துண்டுதான், மேல்வயல்காரன் வாய்க்காலை மறிச்சா கீழ்வயலுக்குத் தண்ணி போகாது, அது மாதிரித்தான். ஏஐ தேடுறது இந்த மறிப்பைத்தான். ஆனா அது தேடோணும் எண்டா ஒவ்வொரு வேலைக்கும் உண்மையான நேரம் வேணும், கொப்பியில கிடக்கிற பழைய நேரத்தையோ வேற பக்டரியில எடுத்த நேரத்தையோ போட்டுவிட்டா அது பிழையான இடத்துக்கு ஆளையும் வண்டியையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கட லைன்ல, எங்கட மெசின்ல, எங்கட ஆக்களை வச்சுத் திரும்ப அளவுங்கோ. அளக்கேக்க என்னத்துக்கு அளக்கிறம் எண்டு முதலே சொல்லிப்போட்டு அளவுங்கோ, இல்லாட்டி எல்லாரும் வேணுமெண்டே மெதுவாத் தைப்பினம், அதில பிழையும் இல்லை.

பிறகு ஆருக்கு என்ன வேலை தெரியும் எண்ட பட்டியல். ஓவர்லொக், பிளாட்லொக், சிங்கிள் நீடில் எண்டு தையல் மெசின் வகை வகையா, ஒவ்வொராளின்ர பேருக்கு நேர நல்லாத் தெரியும், கொஞ்சம் தெரியும், தெரியாது எண்டு மூண்டு நிலை போதும், பத்து நிலை வச்சா ஒருத்தரும் நிரப்பாயினம். வன்னியில இதுக்கு மேல இன்னொண்டு இருக்கு. சண்டையில பட்ட செல் பீஸ் காலில கிடக்கிறவை, செயற்கைக்கால் போட்டிருக்கிறவை, ஒரு காது கேக்காதவை எங்கட லைன்ல வேலை செய்யினம். ஏஐக்கு இது தெரியாது, அது நேரத்தை மட்டும் பாத்து இந்த ஆள் மெதுவு எண்டு எழுதும், இல்லாட்டி நாள் முழுக்க நிண்டு செய்யிற வேலைக்குத் தூக்கிப் போடும். அதுக்குக் காயத்தைப் பற்றி எழுதி வைக்கத் தேவையில்லை, "நிண்டு செய்யிற வேலை குடுக்காதே", "வண்டி வாற பாதைப் பக்கம் இருத்தாதே" எண்டு கட்டளை மட்டும் போட்டா அது கேக்கும், காரணம் அதுக்குத் தேவையில்லை. அந்த ஆளிட்டக் கேட்டுப்போட்டுப் போடுங்கோ. எங்கட நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம், உடல்நல விசயத்தை விசேசமாக் காக்கவேண்டிய தரவு எண்டுதான் வச்சிருக்கு.

காலமையில ஆக்கள் வாறதையும் அதுக்குப் படிப்பிக்கோணும். கொழும்புக் கலண்டரை மட்டும் வச்சுப் பழகின சிஸ்டத்துக்கு வைகாசியில வாற வற்றாப்பளை அம்மன் பொங்கல் தெரியாது, ஓகஸ்ட் 15 மடு மாதா திருநாளுக்கு ஆர் லீவு கேப்பினம் எண்டும் தெரியாது, காலபோக நெல்லு அருவி வெட்டு நேரம் ஏன் லைன் காலியாக் கிடக்குது எண்டும் தெரியாது. கார்த்திகை மார்கழி மழைக்கு உள்ளூர் ரோட்டில வெள்ளம் நிண்டா ஒரு பஸ்ஸில வாற முழு ஆக்களும் ஒண்டா வரமாட்டினம், அதால ஆளுக்கு நேர அவை வாற பஸ் ரூட்டையும் போட்டு வையுங்கோ, பஸ் வரேல்லை எண்டு ஒரு பட்டனை அமத்தினவுடன அது லைனைத் திருப்பிப் பிரிச்சுத் தரும். என்னைக் கேட்டா ஏஐயால எங்களுக்கு வாற பெரிய லாபம் இந்தக் காலமை அரை மணித்தியாலம்தான், ரோபோ வண்டி எல்லாம் பிறகு.

இனி ஓட விடுறது. முதல் ஒரு மாசம் அளவில அது யோசனை மட்டும் சொல்லட்டும், முடிவு சுப்பவைசருடையது. அது சொன்னது என்ன, நீங்கள் செய்தது என்ன, ஏன் மாத்தினீங்கள் எண்டு மூண்டும் பதிவாகோணும். கிழமைக்கொருக்கா இருந்து பாத்தீங்களெண்டா எங்க அது கெட்டித்தனம், எங்க மொக்குத்தனம் எண்டு விளங்கும். பேந்து வண்டி அனுப்புறதை அதின்ர கையில விடலாம், ஆளை மாத்துறதைக் கடைசி வரைக்கும் மனுசரிட்டயே வச்சிருங்கோ.

ஆளை மாத்துறதில சண்டை எங்க வருமெண்டு லைன்ல நிண்ட எல்லாருக்கும் தெரியும், இன்சென்டிவ்ல, அதுதான் தைக்கிற அளவுக்குக் குடுக்கிற மேலதிகக் காசில. ஒரு பிள்ளை தனக்குப் பழகின மெசின்ல இலக்கில 80 வீதம் ஓடிக்கொண்டிருக்கும், ஏஐ அவவை மறிச்சுக் கிடக்கிற இடத்துக்கு மாத்தும், லைனுக்கு லாபம், அவவுக்கு அண்டைக்கு 55 வீதம், காசு போச்சு. ரெண்டாந்தரம் கூப்பிட்டா வருவாவோ? வரமாட்டா, வரவும் தேவையில்லை. அதால சிஸ்டத்தைப் போட முதலே எச்ஆரோட கதைச்சு எழுத்தில எடுங்கோ: மாத்தின நேரத்துக்குப் பழைய சராசரியிலதான் இன்சென்டிவ், ஒராளை ஒரு நாளைக்கு ரெண்டு தரத்துக்கு மேல மாத்தக்கூடாது. ரெண்டாவதை ஏஐக்குள்ளயே கட்டுப்பாடாப் போடலாம். வெறுமன துண்டைக் கூட்டு எண்டு மட்டும் சொல்லிவிட்டா அது நல்ல கைகாரரை நாள் முழுக்க அங்கயும் இஞ்சயும் கலைச்சுக்கொண்டிருக்கும்.

ஏஐ சொல்லுறதைக் காட்டுற டப்பில (டப்லெட்டில) வாற சொல்லு தமிழில இருக்கோணும், அதுவும் லைன்ல கதைக்கிற தமிழில. "பணி மறுஒதுக்கீடு" எண்டு வந்தா ஒருத்தரும் பாக்காயினம், "அக்கா, 7ஆம் மெசினுக்கு வாங்கோ" எண்டு வந்தா பாப்பினம். அதுக்குக் கீழ "ஏலாது" எண்டு ஒரு பட்டன் கட்டாயம், அமத்தினா நூல் அறுகுது, ஊசி முறிஞ்சது, துணி பிழை, இந்த வேலை தெரியாது, சும்மா ஏலாது எண்டு படத்தோட அஞ்சு காரணம். கடைசிக் காரணத்துக்கு ஒருத்தரும் விளக்கம் கேக்கக்கூடாது. ரொய்லெட் போற நேரத்தைத் தனியா எண்ணுற வசதி இருந்தா அதை நிப்பாட்டி வையுங்கோ. முகத்தைப் பாத்து ஆள் சந்தோசமா இருக்கோ களைச்சிருக்கோ எண்டு சொல்லுற கமரா விக்க வந்தா வேண்டாம் எண்டு அனுப்புங்கோ, ஐரோப்பாவில வேலைத்தலத்தில அப்பிடி உணர்ச்சி பாக்கிறதை 2024 ஏஐ சட்டத்தில தடை செய்து வச்சிருக்கினம், மருத்துவம் பாதுகாப்பு எண்ட தேவைக்கு மட்டும் விதிவிலக்கு.

பாதுகாப்பு. இதில விட்டுக்குடுப்பு இல்லை. வண்டியும் கையும் ஆளுக்குக் கிட்ட வந்தா நிக்கிறது ஏஐ யோசிச்சு நிக்கிறதா இருக்கக்கூடாது, வண்டியிலயே இருக்கிற சேப்டி ஸ்கானரும் சிவப்புப் பட்டனும் நேரா மோட்டரை நிப்பாட்டோணும், இன்டர்நெட் இருந்தாலும் இல்லாட்டியும். வாங்கேக்க ரோபோக் கைக்கு ஐஎஸ்ஓ 10218, தானா ஓடுற வண்டிக்கு ஐஎஸ்ஓ 3691-4, இந்த ரெண்டு சர்வதேசப் பாதுகாப்புத் தர நம்பரையும் சொல்லிப் பேப்பர் கேளுங்கோ, முழுசினா வேற ஆளைப் பாருங்கோ. 1979 ஜனவரி 25இல அமெரிக்காவில மிச்சிகன் மாநிலத்தில போர்ட் கார்க் கொம்பனியின்ர ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில ரொபேட் வில்லியம்ஸ் எண்ட 25 வயசுத் தொழிலாளி ரோபோ அடிச்சுச் செத்தவர். சாமான் எடுத்துக் குடுக்கிற மெசின் சரியா வேலை செய்யேல்லை எண்டு அவர் தானே ஏறி எடுக்கப் போன இடத்தில கை வந்து அடிச்சது, ஆள் உள்ளுக்க நிக்குது எண்டு அதுக்குத் தெரியாது. அதால வண்டி வரச் சுணங்கினா ஒருத்தரும் பாதைக்குள்ள இறங்கிப் பண்டில் தூக்கக்கூடாது, முதல் நிப்பாட்டு, பிறகு இறங்கு. பாதையை நிலத்தில மஞ்சள் கோடு போட்டு விடுங்கோ, நூல் தும்பைக் கூட்டி அள்ளுங்கோ, தும்பு சில்லில சுத்தும், எங்கட செம்மண் புழுதி ஸ்கானர் கண்ணாடியை மறைக்கும், ஒவ்வொரு சிப்டுக்கும் துணியால துடைக்கிறது ஆற்ற வேலை எண்டு பேர் எழுதி ஒட்டுங்கோ.

கடைசியாக் கரண்ட். ஒவ்வொரு பண்டிலோடயும் போற பண்டில் டிக்கெட்டைப் பேப்பரில அடிக்கிறதை விட்டுடாதைங்கோ. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிறதுக்குள்ள பிள்ளையள் கையால பண்டிலைக் கடத்திப்போடுவினம், சிஸ்டம் இன்னும் பழைய இடத்திலதான் அது கிடக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். கரண்ட் வந்தவுடன வண்டியை ஓட விடாமல், ஒவ்வொரு மெசினடியிலயும் கிடக்கிற பண்டிலை எண்ணி டப்பில போடுங்கோ, ரெண்டும் ஒத்து வந்தாப் பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கோ.